ஒரு பெட்டியில் நான்கு தலைமுறை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, முன்னாளில் என்னிடம் தொழில் பயின்ற மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். அவர் தோளில் ஒரு பெட்டி இருந்தது. பின்னால், பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவருடைய மகன் வந்தான். பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, நம் காலத்து வெல்டிங் மெஷின் நினைவிருக்கிறதா?" என்று கேட்டு அவர் சிரித்தார்.

நினைவில்லாமலா போகும்? 1972-ஆம் ஆண்டில் நான் ஒரு பட்டறையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது அங்கிருந்தது எண்ணெய் நிரப்பிய பெரிய மின்மாற்றி ஒன்று. அதை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர்த்த நான்கு ஆட்கள் வேண்டும். அவ்வளவு பெரிய உடலை வைத்துக்கொண்டு, குச்சியால் பற்றவைப்பதொன்றைத் தவிர வேறு எதுவும் அது அறியாது. மாணவர் கொண்டுவந்த பெட்டியோ இருபது கிலோவுக்கு மேல் இராது. அதன் முகத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் குச்சிப் பற்றவைப்பு. இன்னும் சற்றுத் திருப்பினால் டங்ஸ்டன் முனைப் பற்றவைப்பு. மேலும் திருப்பினால் வாயுவின் துணையுடன் ஓடும் கம்பி. அதற்கும் அப்பால் வாயுவே வேண்டாத கம்பி. நான்கு தொழில்கள் ஒரு பெட்டியில் குடியிருந்தன.

ஆனால் அவர்கள் பெட்டியைக் காட்ட மட்டும் வரவில்லை. மாடிப்படிக்கு இரும்புக் குழாயால் கைப்பிடி அமைக்கும் வேலையைத் தந்தையும் மகனும் தாங்களே மேற்கொண்டிருந்தனர். அந்தக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நாள்தோறும் ஏறி இறங்கப் போகிறவர் அவ்வீட்டின் மூத்தவராகிய எண்பது வயதுப் பாட்டியார். முதலில் வாயு வேண்டாத கம்பியால் சில நாள் பழகியிருக்கிறார்கள். வேலை ஒருவாறு நன்றாகவே வந்திருக்கிறது. பிறகு இன்னும் நேர்த்தியாக வரட்டும் என்று கரியமில வாயுச் சிலிண்டர் ஒன்றும் திண்கம்பிச் சுருள் ஒன்றும் வாங்கிப் பூட்டினார்கள். அன்றிலிருந்து எங்கும் ஒரே பொறிமழை. இணைப்பு உலோகத்திற்குள் இறங்காமல் மேலேயே குவிந்து நிற்கிறது. சுத்தியலால் ஓங்கித் தட்டினால் பெயர்ந்து விழுகிறது.

"எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா, குறித்துக்கொள்கிறேன்" என்றான் பிள்ளை. எண்களெல்லாம் பெட்டியின் மூடிக்கு உட்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதுதான் அங்கே அச்சிடப்படவில்லை என்றேன். அதற்குப் பின் அவனுக்குச் சொன்ன கதையைத்தான் நேயர்களாகிய உங்களுக்கும் இன்று சொல்லப் போகிறேன்.

இரும்போடு இரும்பை ஒன்றாக்கும் கலை மிகப் பழையது. நம் ஊர்க் கொல்லர் இரு துண்டுகளையும் உலையில் வெண்சூடு ஏறக் காய்ச்சி, பட்டடைக் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினார். அந்தச் சூட்டை மின்சாரத்தால் உண்டாக்கலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. 1802-இல் ருஷிய நாட்டுப் பெட்ரோவ் என்பவர் மின்கல அடுக்கு ஒன்றிலிருந்து இரு கரித்துண்டுகளுக்கு இடையே இடையறாத ஒளிப்பிழம்பை எழுப்பிப் பார்த்தார். அதே கால அளவில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவியும் அதனை ஆராய்ந்தார். கரிகளைக் கிடையாக வைத்தால் சூடேறிய காற்று அப்பிழம்பை மேல்நோக்கி வளைக்கிறது. அந்த வளைவினால்தான் அதற்கு மின்வில் என்று பெயர் வந்தது. ஆயினும் ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவும் விளக்காகவுமே இருந்தது. அதற்குத் தொடர்ந்து வலிய மின்னோட்டத்தைத் தரும் வழி அந்நாளில் எளிதாகக் கிட்டவில்லை.

1880-களில் ருஷியாவின் பெனார்தோஸ் என்பவர், போலந்தியரான ஒல்ஷெவ்ஸ்கியுடன் சேர்ந்து, கரிமுனையில் எழும் வில்லினால் இரும்பை உருக்கி இணைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். கிரேக்கப் புராணத்தில் ஹெபீஸ்டஸ் என்பவன் தேவர்களுக்குக் கொல்லன். அவன் பெயரையே தம் கண்டுபிடிப்புக்கு வைத்து அதனை 'மின்சார ஹெபீஸ்டஸ்' என்று அவர் அழைத்தார். பழைய கொல்லரை மறவாமல் புதிய கருவிக்குப் பெயரிட்ட அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருக்குப் பின் 1888-இல் ஸ்லவ்யானோவ் என்பவர் கரிக்குப் பதிலாக உலோகக் குச்சியையே முனையாக வைத்தார். குச்சி தானே உருகி இணைப்பையும் நிரப்பியது. அமெரிக்காவில் காபின் என்பவர் இதே வகை முறைக்கு 1890-இல் உரிமம் பெற்றார். இன்றைய பெட்டியின் திருகில் முதலிடம் பெறும் குச்சிப் பற்றவைப்பின் பிறப்பு இதுதான்.

ஆனால் அந்தக் குழந்தை நோஞ்சானாகப் பிறந்தது. வெறுங்குச்சியால் வைத்த இணைப்பு பார்வைக்கு உறுதியாக இருந்தும், அடித்தால் ஓடுபோல் உடைந்தது. குற்றம் இரும்பின்மேல் இல்லை, காற்றின்மேல் இருந்தது. உருகிய இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் தாகத்தோடு குடிக்கிறது. குடித்து இறுகியபின் நொறுங்கும் தன்மை அடைகிறது. மின்பற்றவைப்பின் பிற்கால வரலாறு முழுவதையும் ஒரே தொடரில் சொல்வதானால், உருகிய உலோகத்தைக் காற்றினின்று எப்படி மறைப்பது என்பதற்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறு என்றே சொல்லலாம். அந்தத் திருகின் ஒவ்வொரு நிலையும் அத்தகைய ஒரு விடையே ஆகும்.

முதல் விடையைக் கண்டவர் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஷெல்பெரி. கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் அலுத்துப்போன அவர், நல்ல இணைப்புக்கு வழிதேடி, இரும்புக் கம்பியைக் கார்பனேட்டுகளும் சிலிகேட்டுகளும் கலந்த குழம்பில் தோய்த்து உலர்த்திப் பார்த்தார். வில்லின் சூட்டில் அப்பூச்சு எரிந்து புகையாகிக் காற்றை விலக்கியது; மிஞ்சியது கசடாக உருகி, இணைப்பின்மேல் போர்வைபோல் படர்ந்தது. 1904-இல் அவர் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய நிறுவனமே ஈசாப் என்ற பெயரோடு இன்றளவும் நடந்து வருகிறது. கடையில் நாம் 'ராடு' என்று கேட்டு வாங்கும் குச்சியின் சாம்பல்நிறப் பூச்சு வெறும் அலங்காரமன்று. அது உதிர்ந்த குச்சி 1888-ஆம் ஆண்டுக் குச்சி; அதனால் வைத்த இணைப்பும் அந்த ஆண்டு இணைப்புதான்.

பூச்சுக்கு ஈரம் பகை. ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன், பற்றவைத்த இடத்தினுள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் உண்டாக்க வல்லது. ஹைட்ரஜன் குறைந்த வகைக் குச்சிகளைத் தயாரிப்பாளர் குறித்த சூட்டில் அடுப்பிலிட்டு உலர்த்திய பின்னரே எடுப்பார்கள். வாயிற்கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் வைக்கிற சாதாரணக் குச்சிக்கு அவ்வளவு சூடு ஆகாது. அதை நனையாமல் வைத்திருந்தாலே போதும். ஐப்பசி மழையில் சிமெண்டுத் தரையில் பிரித்துப் போட்ட கட்டைக் கொண்டுவந்து, "ராடு சரியில்லை" என்று கடைக்காரரோடு வழக்காடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்பற்றவைப்பு எங்கும் நம்பிக்கை பெற்றது முதல் உலகப் போரில். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கிய வேளையில், அந்நாட்டுத் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மானியக் கபல்களின் மாலுமிகள், கப்பல்கள் பகைவருக்குப் பயன்படாதபடி இயந்திரங்களின் உருளைகளை உடைத்துவிட்டார்கள். புதிதாக வார்ப்பதற்கு நெடுங்காலம் ஆகும் என்று எண்ணப்பட்ட அந்த உருளைகளுட் பலவற்றை மின்பற்றவைப்பினால் சில மாதங்களில் ஒட்டி, கப்பல்களைக் கடலில் இறக்கினார்கள். 1920-இல் இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் துறையில், தறையாணியே இல்லாமல் முழுதும் பற்றவைத்த புல்லகர் என்னும் கடற்கப்பல் மிதந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710. தறையாணி அடித்துக் கட்டியிருந்தால் அந்த வேகம் வந்திராது.

இந்த இடத்தில் கதை ஒரு திருப்பம் அடைகிறது. 1943 ஜனவரி 16-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், கடலோட்டச் சோதனை முடித்துத் துறையில் கட்டப்பட்டிருந்த ஷெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லாமல் அலையும் இல்லாமல், பேரொலியுடன் நடுவில் இரண்டாக முறிந்தது. அடித்தகடு ஒன்றுதான் இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. லிபர்ட்டிக் கப்பல்கள் பலவற்றிலும் இத்தகைய வெடிப்புகள் தோன்றின. பழி முதலில் பற்றவைப்பவர்கள்மேல் விழுந்தது. அவர்களிலும் புதிதாகத் தொழில் கற்ற பெண்கள் பலர் இருந்ததால் அப்படிப் பழிப்பது எளிதாகவும் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து, அந்நாளைய எஃகு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இளகும் தன்மையை இழந்து கண்ணாடிபோல் உடையக்கூடியது என்று காட்டினார். கூர்மூலைகளிலும் குறைபட்ட இணைப்புகளிலும் வெடிப்பு தொடங்கியது. தறையாணிக் கப்பலில் தகட்டின் விளிம்பை எட்டியதும் வெடிப்பு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ எல்லாத் தகடும் ஒரே தகடு என்பதால் அது தங்கு தடையின்றி ஓடியது. பற்றவைப்பின் பெருமை எதுவோ அதுவே அதன் ஆபத்தாகவும் இருந்தது.

நம் நாட்டில் இந்தக் கலை பெரிய அளவில் காலூன்றிய இடங்களுள் ஒன்று பெரம்பூர். 1955 அக்டோபர் 2-ஆம் நாள் அங்கே திறக்கப்பெற்ற தொழிற்சாலையில், ஸ்விட்சர்லாந்து நாட்டவரின் தொழில் துணையுடன், முழுதும் எஃகால் பற்றவைத்து ஒன்றாக்கிய ரயில் பெட்டிகள் உருவாயின. உங்கள் பாட்டனாரும் பெற்றோரும் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் அப்பெட்டிகளில்தான் இருக்கும்.

இரண்டாம் விடைக்கு வருவோம். மக்னீசியம், அலுமினியம் போன்ற மென்னுலோகங்கள் குச்சிப் பூச்சுக்குக் கட்டுப்படவில்லை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், எதனோடும் சேராத ஹீலியம் வாயுவை வில்லைச் சுற்றிப் பாய்ச்சி, எளிதில் உருகாத டங்ஸ்டன் கம்பியை முனையாக வைத்தார். முதலில் அந்த முனையை மின்சாரத்தின் நேர்புறத்தில் இணைத்தார்கள். டங்ஸ்டனே உருகித் துளிகளாக இணைப்பினுள் விழுந்தது. இணைப்பை மாற்றி எதிர்புறத்தில் வைத்தார்கள்; டங்ஸ்டன் பிழைத்தது. நேர்திசை மின்னோட்டத்தில் இந்த வில்லின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு நேர்முனையில் சேர்கிறது. முனை எதிர்புறம் இருந்தால் அச்சூடு வேலைப்பொருளுக்குப் போகிறது. ஆனால் அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோல் அந்த ஏற்பாட்டில் உரியவில்லை. இறுதியில் மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டுவந்து இரண்டு பயனையும் மாறி மாறிப் பெற்றார்கள். இன்றும் எஃகுக்கு எதிர்முனை, அலுமினியத்துக்கு மாறுதிசை என்பதே விதி. விலை குறைந்த பெட்டிகள் பல மாறுதிசை மின்னோட்டத்தைத் தருவதில்லை. அவற்றின் முகத்தில் டிக் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

மூன்றாம் விடை 1948-இல் அமெரிக்காவின் பட்டேல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. டங்ஸ்டனுக்குப் பதிலாக, இடையறாமல் ஓடிவரும் மெல்லிய கம்பியே முனையாயிற்று. சுற்றிலும் வாயுப் போர்வை. அவ்வாயுக்கள் விலை மிகுந்தவை. 1953-இல் ருஷிய ஆராய்ச்சியாளர், எஃகுக்குக் கரியமில வாயுவே போதும் என்று காட்டியதும் இந்த முறை சாதாரணப் பட்டறைக்கும் எட்டியது. இங்கே கம்பி நேர்புறத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் துளிகள் ஒழுங்காக இறங்கும், சூடும் ஆழமாகச் செல்லும். அதே பத்தாண்டில் நான்காம் விடையும் வந்தது. ஷெல்பெரி குச்சியின் வெளியே பூசியதைக் குழல்போன்ற கம்பியின் உள்ளே அடைத்துவிட்டார்கள். வாயு வேண்டியதில்லை; காற்று வீசும் வெளியிலும் வேலை செய்யலாம். ஆனால் இந்த வகைக் கம்பிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இணைப்பு எதிர்புறத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெட்டியின் முகத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்ட இரண்டு துளைகளைப் பார்த்தான். "கம்பியை மாற்றினோம், இதை மாற்றவில்லை ஐயா" என்று தந்தையிடமும் என்னிடமும் பொதுவாகச் சொன்னான். நோய் அதுதான். பெட்டி எதையும் மறுத்துச் சொல்வதில்லை. தவறான முனையிலும் அது வில்லை எழுப்பும். ஒளி வரும், பொறி பறக்கும், ஏதோ ஒன்று ஒட்டியும் நிற்கும். பாட்டியார் கை வைக்கும் வரையில் அது நிற்கும்.

"இவ்வளவு வேறுபட்ட முறைகள் ஒரே பெட்டிக்குள் எப்படி வந்தன?" என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. குச்சிக்கும் டங்ஸ்டனுக்கும் மின்னோட்டம் மாறாதிருக்க வேண்டும். கை சற்று நடுங்கி வில் நீண்டாலும் ஆம்பியர் குறையக்கூடாது. ஓடும் கம்பிக்கோ மின்னழுத்தம் மாறாதிருக்க வேண்டும். அப்போதுதான் வில்லின் நீளம் தானே சரியாகிக்கொள்ளும். இரண்டும் இரு வேறு குணங்கள். ஆதலால் நெடுங்காலம் இவற்றுக்குத் தனித்தனி இயந்திரங்களே வழக்கமாயிருந்தன. மின்மாற்றியின் பருமனும் ஒரு தடை. விநாடிக்கு 50 முறை ஊசலாடும் வீட்டு மின்சாரத்திற்குப் பெரிய இரும்புக் கரு வேண்டும். அதே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி விட்டால், சின்னஞ்சிறு கருவே போதும். அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு வலிமையோடும் மின்சாரத்தைத் திறந்து மூடக்கூடிய வாயிற்காப்பான்தான் முன்பு இல்லை.

அந்த வாயிற்காப்பானுக்கு ஐ.ஜி.பி.டி. என்று பெயர். அதனை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஷெனெக்டடி ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்தவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் பட்டம் பெற்றவர். 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. முறிந்த கப்பலின் பெயரும் அந்த ஊரின் பெயரும் ஒன்றாயிருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. பெட்டிக்குள் அந்தச் சில்லுகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பதால், திருகைத் திருப்பிய மாத்திரத்தில் ஒரு குணத்தை விட்டு மறு குணத்தை அது மேற்கொள்கிறது. முனையை மாற்றுவதை மட்டும் பெரும்பாலும் நம் கைக்கே விட்டுவைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். வேலை நடக்கும் இடத்தைப் பாராமல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சே. கொல்லைப்புறத்தில் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. பிள்ளை பேனாவும் தாளும் வைத்திருந்தான். நான் முதலில் பார்த்தது பெட்டியை அன்று, சுவரை.

முழு அளவில் 200 ஆம்பியர் கொடுக்கும்போது, அத்தகைய பெட்டி வீட்டு இணைப்பிலிருந்து 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. மெல்லிய குழாய்க்கு வேண்டிய 80, 90 ஆம்பியர் அளவிலேயே நிறுத்திக்கொள்ளும்படியும், பெரிய வேலை வந்தால் மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்புப் போட்டுக்கொள்ளும்படியும் சொன்னேன். பிளக்கின் மூன்றாவது கால் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தேன், இருந்தது. அது புழையில் பொருந்தவில்லை என்று வெட்டி எறியும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நிலத்தொடர்பு அற்ற பெட்டியின் இரும்புடல் என்றேனும் ஒருநாள் உயிரைக் கேட்கும். குச்சி வேலைக்கு ஆயத்தமாக நிற்கும்போது வில் எழாத நிலையிலும் முனையில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கக்கூடும். உலர்ந்த கையுறைக்கு அது ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் வியர்வையில் நனைந்த சட்டைக்கு அது அற்பமன்று.

'எர்த்து' என்று தொழிலாளர் சொல்லும் கவ்வியைத் தூரத்துக் கதவில் மாட்டாமல், பற்றவைக்கும் குழாயிலேயே, துருவும் வண்ணமும் சுரண்டிய இடத்தில் மாட்டச் செய்தேன். 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு உருளையின் பள்ளமும் செப்பு நுனியின் துளையும் அதே அளவாயிருக்க வேண்டும். குழல்கம்பிக்குப் பூட்டிய பல்வெட்டு உருளை இன்னும் உள்ளே இருந்தது. அது திண்கம்பியைச் சுரண்டித் தூளாக்கும். அதை மாற்றி, மழமழப்பான பள்ளமுள்ள உருளையைப் பூட்டினான். வாயுச் சிலிண்டர் தரையில் படுத்துக் கிடந்தது. அதை நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியால் கட்டிய பின்னரே திருகைத் திறக்க விட்டேன்.

அந்தக் குழாய், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். துத்தநாகம் வில்லில் எரிந்து வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் கண்டு, காலையில் தெளியும். சிலர் இதனைத் தொழிலின் சடங்குபோல் எண்ணி அலட்சியம் செய்வார்கள். புகையின் நெடுநாள் விளைவு காய்ச்சலோடு போவதன்று. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், பற்றவைப்புப் புகையையும் வில்லின் புறஊதாக் கதிரையும் புற்றுநோய் விளைவிப்பன என்றே வகைப்படுத்தியது. ஆதலால் இணைக்கும் இடத்தில் பூச்சை அரைத்து எடுக்கச் சொன்னேன். மூச்சுக்கு முகக்கவசம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மின்விசிறியையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் நேரே வில்லின்மேல் வைத்தார்கள். அது வாயுப் போர்வையைக் கலைத்து, இணைப்பை இட்டிலிபோல் துளைத் துளையாக ஆக்கிவிடும். விசிறியைப் பக்கவாட்டில் தள்ளி, புகை மட்டும் விலகும்படி வைத்தோம்.

கண்ணைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையிருக்கவில்லை. 1972-இல், ஒரே ஒரு புள்ளி வைக்கத்தானே என்று கண்ணாடி இல்லாமல் பார்த்தவன் நான். பகலில் ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் இரு கண்களிலும் மணலை அள்ளிக் கொட்டியது போல் எரிச்சல். பக்கத்து வீட்டார் உருளைக்கிழங்கைச் சீவிக் கட்டினார்கள், பயன் ஒன்றுமில்லை, மருத்துவரே கதியானார். அந்த இரவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும், பத்தாம் எண் கறுப்புக் கண்ணாடி பூட்டிய தலைக்கவசத்தைப் பிள்ளை தானே எடுத்து வைத்துக்கொண்டான்.

பிறகுதான் அதைக் கண்டேன். குழாய்களை ஏந்தி நிறுத்துவதற்கு மேசையாக, மூடி இறுகிய ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை வைத்திருந்தார்கள். "காலிப் பீப்பாய்தான் ஐயா" என்றார் என் மாணவர்.

எனக்கு முதன்முதலில் வில் எழுப்பக் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் எங்கள் பட்டறையில் இருந்தார். குச்சியைத் தீக்குச்சி உரசுவது போல் உரசித் தூக்கு என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டியவர் அவர். ஒரு நாள் டீசல் வைத்திருந்த பீப்பாய் ஒன்றின் கசிவை அடைக்கக் கொடுத்தார்கள். அவர் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினார், வெயிலில் காய வைத்தார், முகர்ந்தும் பார்த்தார். உள்மடிப்புகளில் ஒட்டியிருந்த எண்ணெய் சூடேறி ஆவியாகும் என்பதை எங்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வில் எழுந்த சிறிது நேரத்தில் பீப்பாயின் அடித்தகடு பறந்தது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய தலைக்கவசம் சுவரில் ஓர் ஆணியில் நெடுநாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கும் கை எழவில்லை.

இதைச் சொல்லி முடித்தபின் தந்தையும் மகனும் ஒரு வார்த்தையும் பேசாமல் பீப்பாயை உருட்டிக்கொண்டுபோய்த் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்தார்கள். அதன் இடத்தில் செங்கல் அடுக்கி, மேலே இரும்புத் தகடு போட்டோம். காய்ந்த தென்னோலைகளை அகற்றி, ஒரு வாளி மணலையும் தண்ணீரையும் அருகில் வைத்தோம். வேலை முடிந்த பின்னும் அரைமணி நேரமாவது அந்த இடத்தை விட்டு அகலாமல் இருக்க வேண்டும். பொறி ஓலைக்குள் புகுந்தால் உடனே புகையாது.

பிள்ளை கம்பியின் கேபிளைக் கூட்டல் துளையிலும் எர்த்துக் கேபிளைக் கழித்தல் துளையிலும் செருகி, இறுகும் வரை திருகினான். வாயுவை நிமிடத்திற்கு 12 லிட்டர் அளவில் வைத்தான். கைப்பிடியைத் தொடாமல், அதே குழாயில் வெட்டிய இரண்டு துண்டுகளை எடுத்துப் பூச்சை அரைத்துவிட்டு, கவசத்தை இறக்கினான். முன்பு படபடவென்று வெடித்த வில், இப்போது எண்ணெயில் வடகம் பொரிவது போல் ஒரே சீராக ஒலித்தது. ஆறு நிமிடம் வேலை செய்தால் நான்கு நிமிடம் ஓய்வு என்று பெட்டியின் பின்புறத்தில் எழுதியிருந்ததை அவன் படித்திருந்தான். கையை எடுத்தபின் விசிறி ஓட விட்டு, பெட்டியை அணைக்காமல் காத்திருந்தான்.

துண்டுகள் ஆறியதும் ஒன்றைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மற்றொன்றைச் சம்மட்டியால் அடித்தோம். குழாய் மடங்கியது, இணைப்பு விடவில்லை. அவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாடிப்படியின் அடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியார், "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை அப்பத்தா, இனிமேல்தான்" என்று சொல்லிவிட்டு, முன்பு வைத்திருந்த இணைப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக அரைத்து எடுக்கத் தொடங்கினான்.